இருட்டறைக் கேள்விகள்: ஒரு தடவை கழுவின டெவலப்பரை மறுபடியும் ஊற்றலாமா?

வீட்டிலேயே கருப்பு வெள்ளை பிலிம் கழுவுவது பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை டெவலப்பரைப் பற்றியே, அதாவது பிலிமில் படத்தை வெளியே கொண்டுவருகிற ரசாயனக் கரைசலைப் பற்றியே கேட்கின்றன. எத்தனை ரோல் கழுவலாம், எத்தனை நாள் வைக்கலாம், நிறம் மாறிவிட்டதே என்ன செய்ய என்று. அதனால் இந்த முறை முழுக்க அதற்கே.

சார், நான் நாகர்கோவிலில் கல்லூரியில் படிக்கிறேன். அப்பாவின் பழைய கேமராவில் மாதம் இரண்டு மூன்று ரோல் எடுப்பேன். இல்ஃபோர்டு ஐடி-11 டெவலப்பர் பவுடர் ஒரு லிட்டருக்குக் கலக்கினேன். முதல் ரோல் எச்பி5 பிலிம் அருமையாக வந்தது. அந்த டெவலப்பரைக் கொட்ட மனசு வரவில்லை, திரும்பப் பாட்டிலிலேயே ஊற்றி வைத்திருக்கிறேன். அதே டெவலப்பரில் அடுத்த ரோலைக் கழுவலாமா? எத்தனை தடவை? – மாணவி, வடசேரி

கழுவலாம். பவுடரைக் கரைத்த கரைசலில் மேற்கொண்டு தண்ணீர் கலக்காமல், ஸ்டாக்காகவே பயன்படுத்தினால் ஒரு லிட்டரில் 36 படம் உள்ள ரோல் பத்து கழுவலாம் என்று ஐடி-11 தயாரிப்பவர்களே சொல்கிறார்கள். முதல் ரோலுக்கு அப்புறம் ஒவ்வொரு ரோலுக்கும் நேரத்தில் பத்து சதவீதம் கூட்டிக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதான். எச்பி5 பிளஸுக்கு 20 டிகிரியில் ஏழரை நிமிடம் என்றால் இரண்டாவது ரோல் எட்டே கால், மூன்றாவது ஒன்பது, இப்படியே போய் பத்தாவது ரோல் பதினாலே கால் நிமிடத்தில் நிற்கும்.

ஆனால் நீங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டிருந்தால், வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் காரணம் தெரிந்துவிட்டால் மற்ற கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

வெளிச்சம் பட்ட சில்வர் புரோமைடு துகளை டெவலப்பர் கருப்பு வெள்ளியாக மாற்றுகிறது. அந்த வேலையில் டெவலப்பரில் உள்ள மெட்டால், ஹைட்ரோகுயினோன் என்ற இரண்டு சரக்கும் செலவாகின்றன. வெள்ளி பிலிமிலேயே தங்கிவிட, அதோடு ஒட்டியிருந்த புரோமைடு பிரிந்து டெவலப்பருக்குள் வந்துவிடுகிறது. புரோமைடு டெவலப்பரைப் பிடித்து இழுத்து நிறுத்துகிற சரக்கு. வெளிச்சம் படாத இடமும் கருத்து மூட்டம் வராமல் அடக்குவதற்காகப் பல ஃபார்முலாக்களில் பொட்டாசியம் புரோமைடைக் கொஞ்சம் வேண்டுமென்றே சேர்ப்பார்கள். ஆக ஒவ்வொரு ரோலுக்குப் பிறகும் வேலை செய்கிற சரக்கு குறைகிறது, வேலையைத் தடுக்கிற சரக்கு கூடுகிறது. இதில் முதலில் அடிபடுவது நிழல் பகுதி. வானமும் வெள்ளைச் சட்டையும் வந்துவிடும், திண்ணை நிழலில் உட்கார்ந்திருக்கிற பாட்டியின் முகம் வராது.

இந்தப் பத்து சதவீதக் கணக்கு ஒரு சராசரிதான். முட்டம் கடற்கரையில் உச்சி வெயிலில், மணலும் வானமும் அலை நுரையுமாக எடுத்த ரோலில் கருக்க வேண்டிய வெள்ளி ஏராளம், அது டெவலப்பரை உறிஞ்சிவிடும். அதே 36 படத்தைப் பத்மநாபபுரம் அரண்மனையின் இருண்ட மர அறைகளில் எடுத்திருந்தால் டெவலப்பருக்குப் பெரிய வேலையே இல்லை. கழுவின ஒவ்வொரு ரோலுக்கும் பாட்டிலில் ஒரு கோடு போட்டு எண்ணுவோம், அந்தக் கணக்கில் இரண்டுமே ஒரே கோடுதான்.

இன்னொன்றும் உண்டு. ஐடி-11, கோடாக் டி-76 இரண்டும் கிட்டத்தட்ட ஒரே ஃபார்முலா: லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். பாட்டிலில் காற்று இருந்தால் ஹைட்ரோகுயினோன் மெல்ல ஆக்சிஜனோடு சேரும், சல்பைட் அதில் புகுந்து காப்பாற்றும், அப்போது காரத்தன்மை கொஞ்சம் கூடிவிடும். காரம் கூடினால் டெவலப்பர் வேகமாகும். அதாவது பாதி காலியான ஒரே பாட்டிலுக்குள் புரோமைடு வேகத்தைக் குறைக்கிறது, காரம் வேகத்தைக் கூட்டுகிறது. எது எவ்வளவு என்று வீட்டில் உட்கார்ந்து யாராலும் சொல்ல முடியாது.

எனக்கு இது பட்டுத் தெரிந்த விஷயம். பல வருடம் முன்னால் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாத் தேரை ஒரு முழு ரோல் எடுத்தேன். பாட்டிலில் ஒட்டியிருந்த தாளில் ஐந்து கோடு இருந்தது. நடுவில் இரண்டு ரோல் கழுவிவிட்டுக் கோடு போடாமல் விட்டிருக்கிறேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. நெகட்டிவைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். தேரின் விளக்குகள் இருந்தன, வடம் பிடித்தவர்கள் இல்லை. அந்தக் கூட்டத்தில் என் மாமாவும் இருந்தார். அடுத்த வருடத் திருவிழாவுக்கு அவர் இல்லை. மிச்சம் பிடித்த டெவலப்பரின் விலை எவ்வளவு இருந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

சரி, என்ன செய்யலாம்? ஸ்டாக்கில் சம அளவு தண்ணீர் கலந்து, ஒரு தடவை கழுவிவிட்டுக் கொட்டிவிடுங்கள். 35 எம்எம் ஒரு ரோல் மூழ்க உங்கள் டேங்குக்கு 300 மில்லி வேண்டும், அதில் ஸ்டாக் 150தான். ஒரு லிட்டரில் ஆறு ரோல், கடைசியில் கொஞ்சம் மிச்சமும் இருக்கும். மறுபடி மறுபடி ஊற்றினால் பத்து, ஊற்றிக் கொட்டினால் ஆறு. நான்கு ரோல்தான் வித்தியாசம். ஒரு ரோல் பிலிம் என்ன விலைக்கு விற்கிறது என்று உங்களுக்கே தெரியும், டெவலப்பர் செலவு அதில் சின்னப் பங்கு. ஒரு எச்சரிக்கை மட்டும்: சம அளவு தண்ணீர் கலந்த டி-76 கரைசல் 36 படத்துக்கு 473 மில்லி இருப்பது நல்லது, 237 மில்லியில் கழுவினால் நேரத்தைப் பத்து சதவீதம் கூட்டுங்கள் என்பது கோடாக்கின் அறிவுரை. 300 மில்லி இரண்டுக்கும் நடுவில் வருகிறது. கடற்கரை ரோல் மாதிரி வெளிச்சம் மிகுந்ததாக இருந்தால் நானும் அந்தப் பத்தைக் கூட்டிவிடுவேன்.

அதெல்லாம் இல்லை, மறுபடி பயன்படுத்தியே பார்க்கிறேன் என்றால் அதையும் ஒழுங்காகச் செய்யுங்கள். தண்ணீர் கலக்காத ஸ்டாக்கை மட்டும்தான் திரும்ப ஊற்ற வேண்டும், கலந்ததை ஒருபோதும் கூடாது. கழுவி முடித்த கையோடு, பிலிமைக் காயப் போடுவதற்கு முன்னாலேயே, பாட்டிலில் தேதியும் கோடும் போட்டுவிடுங்கள். கரைசலில் கருப்பாகத் தூள் மிதந்தால் பயப்பட வேண்டாம், சல்பைட் கரைத்தெடுத்த வெள்ளி அது, பஞ்சு வைத்து வடிகட்டினால் போதும். டெவலப்பருக்கு முன்னால் பிலிமைத் தண்ணீரில் நனைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், டேங்குக்குள் பிலிமைச் சுற்றி வைக்கிற ரீலில் தங்குகிற தண்ணீர் ஒவ்வொரு தடவையும் பாட்டிலுக்குள் போய்ச் சேரும். முக்கியமான ரோலை எப்போதும் முதல் ஆளாகக் கழுவுங்கள். நானாக இருந்தால் ஆறோடு நிறுத்திவிடுவேன், பத்து வரை போக மாட்டேன்.

முதல் ரோல் கழுவி ஊற்றும்போது டெவலப்பர் ஊதா கலந்த நிறத்தில் வந்தது. கெட்டுப்போய்விட்டதா? – வாசகர், குளச்சல்

இல்லை. பிலிமுக்குள் வெளிச்சம் பட்டுத் திரும்பி ஒளிவட்டம் விழாமல் இருக்க ஒரு சாயம் பூசியிருப்பார்கள், அது கரைந்து வருகிறது. பிலிமைப் பொறுத்து ஊதா, இளஞ்சிவப்பு, பச்சை, நீலம் என்று எதுவும் வரலாம். கெடுதல் ஒன்றும் இல்லை. பழுப்புதான் பயப்பட வேண்டிய நிறம். தேயிலைத் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டால் ஆக்சிஜன் தன் வேலையைக் காட்டிவிட்டது என்று அர்த்தம், யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். ஆனால் நிறத்தை மட்டும் நம்பவும் கூடாது. வைட்டமின் சி சேர்ந்த எக்ஸ்டால் மாதிரி டெவலப்பர்கள் தெளிந்த தண்ணீராகவே இருக்கும்போதே செத்துப்போகும்.

எந்த டெவலப்பராக இருந்தாலும், டேங்கில் ஊற்றுவதற்கு முன்னால், ரீலில் சுற்றுவதற்கு முன்னால் வெட்டுகிற பிலிம் முனைத் துண்டை அதில் போட்டுப் பாருங்கள். வெளிச்சத்திலேயே செய்யலாம். சில நிமிடங்களில் கருகருவென்று ஆக வேண்டும். சாம்பல் நிறத்திலேயே நின்றால் டெவலப்பர் செத்துவிட்டது, ஊற்றுவதற்கு முன்னாலேயே தெரிந்ததால் உங்கள் படங்கள் தப்பித்தன. இந்தச் சோதனை செத்ததைக் காட்டிக்கொடுக்கும், சோர்ந்துபோனதை அவ்வளவு சரியாகக் காட்டாது. புது டெவலப்பரில் நனைத்த துண்டு ஒன்றை ஹைப்போவில், அதாவது படத்தை நிலைநிறுத்துகிற ஃபிக்சரில் போட்டு, கழுவிக் காயவைத்து வைத்திருந்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

எங்கள் வீட்டில் குழாய்த் தண்ணீரே 28, 29 டிகிரி இருக்கிறது. எல்லா அட்டவணையும் 20 டிகிரிக்குத்தான் இருக்கிறது. நாங்கள் என்ன செய்வது? – வாசகர், மணக்குடி

நல்ல கேள்வி, முதல் பதிலோடு சேர்த்துப் படியுங்கள். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் நேரம் சுமார் பத்து சதவீதம் குறையும், அடுத்த டிகிரிக்கு மிச்சத்தில் பத்து சதவீதம். எச்பி5 பிளஸை ஐடி-11 ஸ்டாக்கில் 20 டிகிரியில் ஏழரை நிமிடம் கழுவுவோம், 27 டிகிரிக்குக் கணக்குப் போட்டால் மூன்றரை நிமிடத்துக்குப் பக்கம் வரும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் டெவலப்பர் எல்லா இடத்திலும் சமமாகப் பிடிக்காது, வானத்தில் பட்டை பட்டையாக நிற்கும். அதே பிலிமைச் சம அளவு தண்ணீர் கலந்து கழுவினால் 20 டிகிரியில் பதின்மூன்று நிமிடம், 27 டிகிரியில் ஆறு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். நிம்மதியாகக் கழுவலாம். ஸ்டாக்காக ஊற்றித் திரும்ப எடுத்து வைக்கிற முறை குளிர்ந்த ஊர்க்காரர்களுக்குத்தான் ஒத்துவரும். நம் மாவட்டத்தில் கலந்து ஊற்றிக் கொட்டுவதுதான் படத்துக்கும் நல்லது, கணக்குக்கும் நல்லது.

வெப்பத்தைக் குறைக்க நான் மண்பானைத் தண்ணீரைத்தான் எடுக்கிறேன். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், வறண்ட ஊர்ப் பானை குளிர்கிற அளவுக்கு நம் பானை குளிராது, ஆனாலும் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மிச்சத்துக்கு ஒரு பேசினில் தண்ணீர் விட்டு, ஐஸ் கட்டிகளை பிளாஸ்டிக் பையில் கட்டிப் போட்டு, டெவலப்பர், ஹைப்போ பாட்டில்களை அதற்குள் நிறுத்தி வைப்பேன். ஐஸை டெவலப்பருக்குள் போட்டுவிடாதீர்கள், அளவு கெட்டுவிடும். இதில் ஒன்று ரொம்ப முக்கியம்: டெவலப்பர் 24, ஹைப்போ 29, கழுவுகிற தண்ணீர் 30 என்று ஏறிக்கொண்டே போகக் கூடாது. சூட்டில் பிலிமின் மேல் பூசியிருக்கிற ஜெலட்டின் ஊறிப் பூப்போல் மெத்தென்று இருக்கும், நகம் பட்டாலே கீறும், திடீரென்று வெப்பம் மாறினால் சுருங்கி வலை வலையாக வெடிக்கவும் கூடும். எல்லாம் 26 என்றால் எல்லாமே 26. ஒன்று 22, ஒன்று 30 என்று இருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கடலோரக் கிணறு என்பதால் தண்ணீரையும் கவனியுங்கள். உப்பும் சுண்ணாம்பும் உள்ள தண்ணீரில் கலக்க வேண்டாம். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் சுலபமாகக் கிடைக்கும், டெவலப்பர் கலக்கவும் கடைசி அலசலுக்கும் அது போதும். மலையோரம் செம்மண் கிணற்று நீரில் இரும்பு இருக்கும், இரும்பு டெவலப்பரைச் சீக்கிரம் கெடுக்கும்.

மார்த்தாண்டத்தில் முப்பது வருடம் ஸ்டூடியோ வைத்திருந்தேன். ஊட்டியில் தயாரான 'இந்து' பிலிம் காலத்தில் ஒரே டேங்க் டெவலப்பரை மாதக்கணக்கில் ஓட்டினோம், படம் ஒன்றும் கெடவில்லை. இப்போது எல்லாரும் ஒரே தடவையில் கொட்டச் சொல்கிறீர்களே? – ஓய்வுபெற்ற ஸ்டூடியோக்காரர்

அண்ணாச்சி, நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை, அதில் ஒளிந்திருக்கிற உழைப்பையும் நீங்களே சொல்லியிருக்கலாம். உங்கள் டேங்க் சும்மா இருந்திருக்காது. தினம் கல்யாண ரோல், பாஸ்போர்ட் படம் என்று வேலை நடந்துகொண்டே இருந்திருக்கும். ரோல் கணக்குக்கு ஏற்ற மாதிரி ரீப்ளெனிஷர் ஊற்றியிருப்பீர்கள்; டி-76க்கு டி-76ஆர் என்று தனியாகவே உண்டு, ஒரு ரோலுக்கு 30 மில்லி. அதில் புரோமைடு கிடையாது, செலவான சரக்கு மட்டும் கூடுதலாக இருக்கும். பழையதில் கொஞ்சம் பிலிமோடு ஒட்டிக்கொண்டு வெளியே போகும், அந்த இடத்தில் புதியது வரும், இரண்டும் சமமாகி டேங்க் ஒரே நிலையில் நிற்கும். டேங்க் பெரியது, ஒரு ரோல் அதை அசைக்காது. போதாததற்குத் தினமும் நெகட்டிவைப் பார்க்கிற உங்கள் கண் இருந்தது, லேசாகத் தேய்ந்தாலே கண்டுபிடித்திருப்பீர்கள்.

வீட்டில் மாதம் இரண்டு ரோல் கழுவுகிற பிள்ளைக்கு இதில் எதுவுமே இல்லை. ஒரு லிட்டர் பாட்டில், இரண்டு வாரம் சும்மா கிடக்கும், ஒப்பிட்டுப் பார்க்க முந்தின நாள் நெகட்டிவ் கிடையாது. நீங்கள் செய்தது மறுபயன்பாடு என்பதைவிடப் பராமரிப்பு என்பதுதான் பொருத்தம். வாரம் பத்துப் பதினைந்து ரோல் கழுவுகிறவர் யாராவது இருந்தால் உங்களிடம் வந்து கற்றுக்கொள்ளட்டும்.

ரோடினால், காபித்தூள் டெவலப்பர், இதையெல்லாம் திரும்பப் பயன்படுத்தலாமா? – வாசகர், கருங்கல்

இரண்டுமே கூடாது. ரோடினால் 1891 முதல் இருக்கிற சரக்கு, இப்போது ஆர்09 மாதிரி வேறு பெயர்களிலும் வருகிறது. பாட்டிலில் கெட்டியாக இருக்கும்வரை வருடக்கணக்கில் தாங்கும், ஒன்றுக்கு ஐம்பது என்று தண்ணீர் கலந்துவிட்டால் அன்றைக்கே கழுவிக் கொட்ட வேண்டியதுதான். 300 மில்லியில் சரக்கு 6 மில்லிதான் போகிறது, அதில் மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது? காபியும் சலவைச் சோடாவும் வைட்டமின் சியும் சேர்த்தது கலந்த நிமிடத்திலிருந்தே வலு இழக்கத் தொடங்கும்.

திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதற்கென்றே செய்தது டையஃபைன் மாதிரி இரண்டு குளியல் டெவலப்பர்தான். முதல் குளியலில் பிலிம் சரக்கைக் குடித்துக்கொள்ளும், இரண்டாவதில் காரம் பட்டதும் குடித்த அளவுக்கு மட்டும் வேலை நடந்து தானாக நின்றுவிடும். 21 முதல் 29 டிகிரி வரை எதிலும் கழுவலாம், நமக்குத் தோதானது. இரண்டுக்கும் நடுவில் தண்ணீரில் அலசக் கூடாது. இரண்டாவது கரைசல் ஒரு சொட்டுகூட முதல் பாட்டிலுக்குள் போகக் கூடாது, ஈர ரீலையும் நன்றாகக் காயவைத்துத்தான் அடுத்த ரோலைச் சுற்ற வேண்டும்.

ஹைப்போவையும் ஒரே தடவையில் கொட்ட வேண்டுமா? கொட்டுவதென்றால் எங்கே? எங்கள் வீட்டுச் சாக்கடை குளத்துக்குப் போகிறது. – வாசகி, தேரூர்

ஹைப்போவில் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம். இல்ஃபோர்டு ரேப்பிட் ஃபிக்சர் ஒன்றுக்கு நான்கு கலந்தால் ஒரு லிட்டரில் 24 ரோல் வரை போகும். கணக்கு மறந்தாலும் ஹைப்போவே காட்டிக்கொடுக்கும். புதிதாகக் கலக்கிய அன்று பிலிம் முனைத் துண்டு ஒன்றைப் போட்டு, பால் நிறம் போய்த் தெளிய எத்தனை வினாடி ஆகிறது என்று பாட்டிலில் எழுதிவையுங்கள். அப்புறம் ஒவ்வொரு தடவையும் பாருங்கள். இரண்டு மடங்கு நேரம் எடுத்தால் அதன் காலம் முடிந்தது. டெவலப்பருக்கும் ஹைப்போவுக்கும் நடுவில் தண்ணீரில் அலசினாலோ, தண்ணீர் கலந்த வெள்ளை வினிகரில் முக்கினாலோ ஹைப்போ இன்னும் நன்றாக உழைக்கும்.

கொட்டுகிற விஷயத்தில் நீங்கள் கேட்டதற்கே நன்றி சொல்ல வேண்டும். சுசீந்திரம் தேரூர் குளங்கள் 2022ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை, அங்கே வருகிற பறவைகள் மீனையும் புழுவையும் நம்பித்தான் வருகின்றன. பழைய டெவலப்பரில் வெள்ளி மிகக் குறைவு; அதுவும் நேராகக் குளத்துக்குப் போக வேண்டாம், வீட்டில் செப்டிக் டேங்க் இருந்தால் நிறையத் தண்ணீரோடு அதில் விடுங்கள். பழைய ஹைப்போ அப்படி இல்லை, பிலிமில் கருக்காமல் மிஞ்சின வெள்ளி முழுவதும் அதில்தான் கரைந்திருக்கிறது, தண்ணீரில் வாழ்கிற உயிர்களுக்கு அது நஞ்சு. ஒரு மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். நிறைந்ததும் இரும்பு நார் ஒன்றை அதில் போட்டு, மூடியை இறுக்காமல், காற்றோட்டமான இடத்தில் ஒரு வாரம் விட்டுவிடுங்கள். இரும்பு கரைய, வெள்ளி கருஞ்சேறாக அடியில் இறங்கும். பாத்திரம் தேய்க்கிற பளபளப்பான ஸ்டெயின்லெஸ் நார் உதவாது, ஹார்டுவேர் கடையில் மரம் தேய்க்க விற்கிற, துருப்பிடிக்கிற நார்தான் வேண்டும். சேறை வடிகட்டிக் காயவைத்துத் தனியே எடுத்து வையுங்கள், வெள்ளி உருக்குகிறவர்கள் யாராவது எடுத்துக்கொள்வார்கள்.

கலக்கின ஸ்டாக்கை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா? – மாணவர், தக்கலை

வேண்டாம் தம்பி. ரொம்பக் குளிர்ந்தால் கரைந்த சரக்கு படிகமாகி அடியில் தங்கும், அது ஒரு காரணம். பெரிய காரணம், வீட்டில் குழந்தைகள் திறக்கிற இடம் அது. ஜூஸ் பாட்டில், குளிர்பானப் பாட்டில் எதிலும் டெவலப்பரை ஊற்றி வைக்காதீர்கள். மெட்டால் சிலருக்குக் கையில் அரிப்பும் வெடிப்பும் கொண்டுவரும், கையுறை போட்டே கலக்குங்கள்.

ஒரு லிட்டரை ஒரே பாட்டிலில் வைக்காமல், மருந்துக் கடையில் கிடைக்கிற பழுப்புக் கண்ணாடி பாட்டில்கள் ஆறில், ஒவ்வொன்றிலும் கழுத்து வரை ததும்ப நிரப்பி வையுங்கள். காற்றுக்கு இடமே இருக்கக் கூடாது. நிரம்பின பாட்டில் ஆறு மாதம் தாங்கும், பாதி காலியானது இரண்டு மாதம்கூடச் சந்தேகம். ஒரு ரோலுக்கு ஒரு பாட்டிலைத் திறந்து, அதே அளவு தண்ணீர் கலந்து, கழுவி முடித்துவிடலாம். அளக்கிற வேலையும் மிச்சம். பாட்டில் 150 மில்லிக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தால் நல்லது, குறைவாக மட்டும் வாங்கிவிடாதீர்கள். மூடியை இறுக்கி, மேலே "விஷம், தொடாதே" என்று பெரிதாக எழுதி, அடுக்களையிலிருந்து தள்ளி, வெயில் படாத மர அலமாரியில் வையுங்கள்.